வாக்காளர் என்றால் வாக்கை ஆள்பவரா?

தம்பி, நீங்கள் ஒரு கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள், உள்ளே மூன்று இருக்கின்றன. வாக்காளர் என்றால் ‘தன் வாக்கால் நாட்டை ஆள்பவர்’ என்று மேடையில் ஒருவர் விளக்கம் சொன்னாராம், அது சரியா என்பது முதல் கேள்வி. அந்த ‘வாக்கு’தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘வோட்’ ஆனதா என்பது இரண்டாவது. மூன்றாவதை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: காரைக்குடியில் இருக்கும் உங்கள் ஐயா, “நமக்கு ஊர்ல புள்ளி இருக்கு, ஓட்டுதான் இல்லை” என்று அடிக்கடி சொல்வாராம், வாக்காளருக்குச் செட்டிநாட்டில் வழங்கிய பழைய பெயர்தான் புள்ளியா என்று உங்களுக்கு ஒரு சந்தேகம். உண்மையில் உங்களை உறுத்துவது இந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். மற்ற இரண்டையும் தாண்டித்தான் அதற்குப் போக முடியும்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். வாத்தியார் வேலையில் இருந்ததால் தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணியும் சேர்ந்தே வரும். சொல்லைப் பற்றி வகுப்பில் பேசியதும், அந்தச் சொல்லுக்கு உரியவர்களைச் சாவடியில் பார்த்ததும்தான் என் கைமுதல்.

முதலில் ‘வாக்கு’. இது வடமொழி வாக் என்பதிலிருந்து வந்தது. பேச்சு, சொல் என்று பொருள். தமிழில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கி நம் சொல்லாகவே ஆகிவிட்டது. அருள்வாக்கு, வாக்குமூலம், வாக்குவாதம், வாக்குச் சுத்தம் என்று எத்தனை சொற்கள்! ‘வாய்’ என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து வாக்கு பிறந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் மொழிப்பற்றை மதிக்கிறேன், ஆனால் அந்த வழி எனக்கு உறுதியாகப் படவில்லை. தமிழுக்கே உரிய இன்னொரு ‘வாக்கு’ தனியாக இருக்கிறது. அதற்கு ஊற்றுதல், வார்த்தல் என்று பொருள். பொருநராற்றுப்படையில் பொற்கலம் நிறையப் பலமுறை ‘வாக்குபு தரத்தர’ என்று வருவது அந்தச் சொல். எழுத்து ஒன்றுதான், சொல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘வாக்கு தூய தமிழ், இதோ சங்கச் சான்று’ என்று யாராவது காட்டினால் நம்ப வேண்டாம்.

ஆங்கில வோட்டுக்கும் இந்த வாக்குக்கும் உறவு இல்லை. அது லத்தீன் ‘வோட்டும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நேர்த்திக்கடன், வேண்டுதல் என்று பொருள். வடமொழி வாக்கின் ஒன்றுவிட்ட உறவு லத்தீனில் ‘வாக்ஸ்’, அதன் வழியாக ஆங்கிலத்தில் ‘வாய்ஸ்’, அதாவது குரல். ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் மேடையில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வாக்கு, வோட் இரண்டின் வேர்களும் வேறு என்பதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் ஒரு பொருத்தம் இருக்கிறது, அதை நான் ரசித்திருக்கிறேன். வோட் தொடக்கத்தில் தெய்வத்துக்குக் கொடுத்த உறுதிமொழி. நம் வாக்கும் கொடுத்தால் உறுதிமொழிதான். “அவுக வாக்குக் குடுத்துட்டாக” என்று செட்டிநாட்டில் சொன்னால் பத்திரம் எழுதாமலே காரியம் நடக்கும். அப்படி இருந்த ஒரு சொல்லைத் தேர்தலுக்கு எடுத்ததால் ஒரு சிக்கலும் வந்தது. ‘அமைச்சர் வாக்களித்தார்’ என்று எழுதினால் உறுதி கொடுத்தாரா, ஓட்டுப் போட்டாரா? இன்று பத்திரிகைகள் முதலாவதற்கு ‘வாக்குறுதி அளித்தார்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கின்றன. பழைய உரைநடையில் ‘வாக்களித்தான்’ என்று பார்த்தால் அது உறுதி கொடுத்ததுதான்.

‘ஓட்டு’ எப்படி ஓட்டாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தமிழின் காது தெரிகிறது. சொல்லுக்கு முதலில் வகரம் உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிர்களோடு சேர்ந்து வராது என்று தொல்காப்பியம் மொழிமரபில் சொல்கிறது. வு, வூ, வொ, வோ என்று தமிழ்ச்சொல் தொடங்காது. அதனால்தான் கம்பளி நூலை ‘உல்லன்’ என்கிறோம், வோட்டை ‘ஓட்டு’ என்கிறோம். யாரும் இலக்கணம் பார்த்து மாற்றவில்லை, எழுதப் படிக்கத் தெரியாத நாக்கே மாற்றிக்கொண்டது. தெலுங்கிலும் ஓட்டு, ஓட்டர் என்றுதான் வழங்குகிறார்கள். ஊரில் பெரியவர்கள் ‘ஓட்டர் லிஸ்ட்’ என்பதைக் கொச்சை என்று நினைக்காதீர்கள், தொல்காப்பியர் கேட்டால் மறுக்கமாட்டார்.

சரி, ‘ஆளர்’. மேடைப் பேச்சாளர் சறுக்கியது இங்கேதான். ஆள் என்பதற்கு அரசாளுதல் என்ற ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் நோயாளி நோயை அரசாள்கிறாரா? கடனாளி கடனை ஆள்கிறாரா? கடன்தான் அவரை ஆள்கிறது. தமிழில் ஆளுதல் என்பதற்கு உடைமையாகக் கொள்ளுதல், கைக்கொள்ளுதல், பயன்படுத்துதல் என்ற பொருள்கள் மிகப் பழமையானவை. ‘கையாளுதல்’, ‘எடுத்தாளுதல்’ என்கிறோமே, அந்த ஆளுதல். நாணத்துக்காக உயிரை விடுவார்கள், உயிருக்காக நாணத்தை விடமாட்டார்கள் என்று சொல்லும் குறள் (1017) ‘நாண் ஆள்பவர்’ என்று முடியும். அங்கே நாணத்தின் மேல் ஆட்சி செலுத்துபவர் என்று யாரும் பொருள் எழுதுவதில்லை, நாணத்தை விடாமல் கைக்கொண்டவர் என்றுதான் எழுதுகிறார்கள். செட்டிநாட்டுக் கொடுக்கல் வாங்கலில் புழங்கிய ‘முதலாளி’யும் இப்படித்தான்: முதல், அதாவது மூலதனம், உடையவர்.

இன்னும் ஒரு சான்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டு மருதன் இளநாகனார் பாடியது. கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்காக அதன் மேலுள்ள பொறியை, அதாவது முத்திரையை, உடைக்கும் ‘ஆவண மாக்கள்’ அதில் வருகிறார்கள். பழந்தமிழர் தேர்தல் என்று பலரும் மேற்கோள் காட்டும் பாட்டு அது. எல்லாரும் குடத்தைப் பார்க்கிறார்கள். அதை அடுத்து வரும் அடிகளில் ‘தறுகணாளர்’ என்ற சொல் இருப்பதைப் பார்ப்பவர் குறைவு. தறுகண் என்றால் அஞ்சாமை. தறுகணாளர் அஞ்சாமை உடையவர். போரில் விழுந்த அந்த வீரர்களின் குடலை எருவை என்ற கழுகு இழுப்பதற்குத்தான் குடத்து ஓலையை எடுப்பது உவமை. அந்தப் பாட்டிலிருந்து தேர்தல் முறையை அறிய முயல்வதைவிட, ‘ஆளர்’ என்ற விகுதி அன்றே ‘உடையவர்’ என்ற பொருளில் நின்றது என்பதை அறிவது உறுதியானது.

ஆகவே வாக்காளர் என்றால் வாக்கை உடையவர். ஆள்பவர் என்ற பொருள் கேட்க இனிமையாக இருக்கிறது, மக்களாட்சிக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது, ஆனால் சொல்லின் அமைப்பில் அது இல்லை. இந்த விகுதியில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது என்பதையும் கவனியுங்கள். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1921இல். வாக்காளன், வாக்காளி என்று இரண்டு சொல் தேவைப்படாமல், திருநங்கையர் வரை எல்லாரையும் அடக்க ‘வாக்காளர்’ என்ற மரியாதைச் சொல் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. இந்தச் சொல்லை இன்னார் இந்த ஆண்டில் உருவாக்கினார் என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்தப் பத்திரிகை, எந்த ஆவணம் என்று கேளுங்கள். காட்டினால் நானும் கற்றுக்கொள்வேன்.

அக்கம்பக்கத்து மொழிகள் வேறு வழியில் போயின. இந்தியில் ‘மத்தாதா’: கருத்தைக் கொடுப்பவர். மலையாளத்தில் ‘சம்மதிதாயகன்’: சம்மதம் தருபவர். சிங்களத்தில் ‘சந்ததாயக்க’, அதிலுள்ள சந்த என்பது, சங்கக் கூட்டத்துக்கு வர முடியாத பிக்கு சொல்லியனுப்பும் இசைவுக்குப் பாலி மொழியில் வழங்கிய சொல். அங்கெல்லாம் கொடுப்பது முக்கியம். தமிழ்ச் சொல்லில் கொடுத்தல் இல்லை, வைத்திருத்தல் இருக்கிறது. இது வெறும் இலக்கண நுட்பம் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். சாவடியில்தான் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

காலையில் ஏழு மணிக்கெல்லாம் ஆச்சிமார் வந்து நிற்பார்கள். முதல் கேள்வி, “தம்பி, எனக்கு ஓட்டு இருக்கா பாருங்க.” ஓட்டு இருக்கிறதா என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அர்த்தம். “எனக்கு ஓட்டு தேவகோட்டையில, மகனுக்கு ஓட்டு மெட்ராஸ்ல” என்பார்கள். போடுவது பிறகு, முதலில் இருக்க வேண்டும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தொகுதியின் பட்டியலில் பெயர் பதிவானவரை ஆங்கிலச் சட்டம் ‘எலெக்டர்’ என்கிறது. ஓட்டுப் போட வந்தவர் ‘வோட்டர்’. தேர்தல் ஆணையக் கணக்கில் இரண்டும் தனித்தனி எண்ணிக்கை. தமிழில் இரண்டுக்கும் ‘வாக்காளர்’ என்றே எழுதுகிறோம். ஒரு சாவடியில் 1,000 வாக்காளர்கள், 700 வாக்காளர்கள் வந்தார்கள் என்று எழுதினால் படிப்பவருக்கு எது எது என்று ஒரு கணம் தடுக்கும். நான் அறிக்கை எழுதும்போது முதலாவதை மட்டும் வாக்காளர் என்றும், இரண்டாவதை ‘வாக்களித்தவர்’ என்றும் எழுதுவேன். சொல்லின் பொருளுக்கும் அதுதான் நேர்: வராத 300 பேரும் வாக்காளர்களே, வாக்கு அவர்களிடம் இருந்தது.

ஒரு தேர்தலில் இளவயதுப் பெண் ஒருவர் வந்து, வாக்களிக்க வருபவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, விரலில் மை வைத்த பிறகு, “நான் யாருக்கும் போட விரும்பவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். தேர்தல் விதிகளில் 49 ஓ என்ற விதி அதற்கு இடம் கொடுத்தது. பதிவேட்டில் அவருடைய பதிவுக்கு எதிரே குறிப்பு எழுதி மீண்டும் கையெழுத்து வாங்கினேன். நோட்டா பொத்தான் வருவதற்கு முந்தைய காலம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2013இல்தான் அது வந்தது. கட்சி முகவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெண் நிமிர்ந்து நின்றார். அவர் எதையும் கொடுக்கவில்லை, யாரையும் ஆளவும் இல்லை. ஆனாலும் வாக்காளர் என்ற சொல் அவருக்கு முழுதாகப் பொருந்தியது. எனக்கு அந்தச் சொல்லின் பொருள் உள்ளே இறங்கியது அன்றைக்குத்தான்.

அப்புறம், உங்கள் ஐயா சொன்ன புள்ளி. நான் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. பக்கத்து வீட்டிலும் வகுப்பறையிலும் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், குறை இருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திருத்தட்டும். நகரத்தாருக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். மாலை வாங்கிக் கல்யாணம் ஆன தம்பதி அந்தக் கோயிலில் ஒரு புள்ளி. திருப்பணி, கும்பாபிஷேகம் என்று கோயிலுக்குப் பணம் வேண்டுமென்றால் புள்ளி வரி போடுவார்கள். தலைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று போடாமல் புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவது அந்த முறை. ஆக, புள்ளி என்பது வாக்காளர் இல்லை. வாக்காளர் தனி ஆள், புள்ளி குடும்பம். கல்யாணம் ஆகாத 40 வயதுக்காரர் வாக்காளர்தான், புள்ளி இல்லை. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் இரண்டு வாக்காளர்கள், ஒரு புள்ளி.

ஆனாலும் உங்கள் ஐயா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் ஏட்டில் பெயர் ஏறி, ‘இவர் நம்மவர், கணக்கில் உள்ளவர்’ என்று ஆகும் நிலை. வேறுபாடு எங்கே என்றால், புள்ளிக்குக் குடியிருப்பு முக்கியமில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பியவர்களுக்கும் புள்ளி ஊரில் நின்றது. ஓட்டு அப்படி இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி பொதுவாக ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் பெயர் இருக்கலாம், அதுவும் ஒரே இடத்தில். அதன் 20ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை வீடு நீண்டு கிடக்கலாம். பூட்டிக் கிடந்தால் அதற்கு ஓட்டு இல்லை. காவல்காரர் குடும்பத்தோடு பின்கட்டில் குடியிருந்தால் அவருக்கு உண்டு.

இது செட்டிநாட்டில் பலருக்கு வலிக்கிற விஷயம். சாவடியில் இதைச் சொல்லிப் பெரியவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பேரன் பேத்தி சென்னையில், வருடத்துக்கு இரண்டு தடவை சாமி கும்பிட ஊருக்கு வருகிறவர்கள். பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள். “அப்பச்சி கட்டின வீடுய்யா” என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் மேல் எனக்கு இரக்கம் இருந்தது, ஆனாலும் சட்டம் சரி என்றுதான் நினைக்கிறேன். 1950க்கு முந்தைய மாகாணத் தேர்தல்களில் பெரும்பாலும் சொத்தும் வரியும் பார்த்துத்தான் ஓட்டு. வீடு உள்ளவருக்கு இருந்தது, வீட்டுக்காரரிடம் வேலை பார்த்தவருக்கு இல்லை. அதைத் தலைகீழாக்கியதுதான் இந்தச் சட்டத்தின் பெருமை.

உத்திரமேரூர்க் குடவோலையை இங்கே பலர் கொண்டுவருவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். தகுதி என்பது கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. அருமையான ஏற்பாடு, தவறு செய்தவரை விலக்கும் விதிகள் இன்றைக்கும் படிக்கத் தக்கவை. ஆனால் அது திருவுளச் சீட்டு. ஓலையில் இருந்தது வேட்பாளர் பெயர். அதற்கு வாக்களித்தவர் என்று ஒருவர் அங்கே கிடையாது. எனவே வாக்காளர் என்ற சொல்லுக்கு அங்கே மூலம் தேடுவது வீண்.

புள்ளி என்ற சொல் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி என்றால் எழுத்தின் மேல் வைக்கும் குறி, கணக்கில் இடும் அடையாளம். பெயர்ப் பட்டியலில் வரி வந்துவிட்டது என்று பெயருக்கு எதிரே வைத்த புள்ளியே பெயருக்கு உரியவரைக் குறிக்கத் தொடங்கியிருக்கலாம். ‘பெரும்புள்ளி’ என்று செல்வாக்கு உள்ளவரைச் சொல்வதும் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். சாவடியிலும் ஒருவர் வந்ததும் பெயரையும் வரிசை எண்ணையும் முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படித்து, பட்டியலில் அந்தப் பெயரின் கீழ் ஒரு கோடு போடுவோம். பெண்கள் என்றால் கூடுதலாக ஒரு குறி. சாயங்காலம் முகவர்கள் “எத்தனை விழுந்துச்சு?” என்று கேட்டால் குறிகளைத்தான் எண்ணுவோம். அதைச் செய்தபோதெல்லாம் இந்த ஊகம் எனக்குள் வலுத்தது, அவ்வளவுதான்; இதை நிறுவும் பழைய கணக்கேடு எதையும் நான் பார்த்ததில்லை.

உங்கள் ஐயாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, எந்தக் கோயிலில் அவருக்குப் புள்ளி என்று கேளுங்கள். கோயிலை நிர்வகிக்கும் காரியக்காரர்களிடம் சொல்லிப் பழைய புள்ளி ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். வரி கட்டியவர் பெயருக்கு எதிரே மையில் என்ன குறி இட்டிருக்கிறார்கள், புள்ளியா, கோடா, வேறு ஏதாவதா என்று பார்த்து எனக்கு எழுதினால் நன்றாக இருக்கும்.